மேல் மாகாணம் மேலே இல்லை

ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு இலங்கைப் படத்தைச் சுவரில் மாட்டி மாகாணங்களைக் காட்டிக்கொண்டிருந்தோம். "மேல் மாகாணம் எது? வந்து தொட்டுக் காட்டுங்கோ" என்று கேட்டதும் ஒரு பிள்ளை எழுந்து வந்தாள். உயரம் போதவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, பருத்தித்துறைக்குக் கிட்டக் கையை வைத்தாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நாங்களும் சிரித்துவிட்டோம்.

"ஏன் பிள்ளை அங்க தொட்டனீங்கள்?"

"மேல் எண்டுதானே சேர் சொன்னீங்கள். இதுதானே மேல?"

அன்றைக்குப் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சிரித்தது எங்கள் பிழை. அந்தப் பிள்ளை தமிழ் தெரியாமல் தொடவில்லை. தமிழ் தெரிந்தபடியால்தான் அங்கே தொட்டாள். சுவரில் தொங்கும் படத்தில் மேலே இருப்பது வடக்கு. மேல் மாகாணமோ கீழே இடப்பக்கத்தில் இருக்கிறது. "மேல் என்றால் இங்கே மேற்கு" என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடநூலும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஆறின் பெயரில் திசை இருக்கிறது. வடக்கு, கிழக்கு, தென், வடமத்தி என்று சொல்லிவந்து, மேற்கு என்று வரவேண்டிய இடத்தில் மட்டும் மேல் மாகாணம், வடமேல் மாகாணம் என்கிறோம். அரச பெயர்ப்பலகை, விண்ணப்பப் படிவம், வானிலை அறிக்கை எல்லாவற்றிலும் அப்படித்தான். இது போதாதென்று உயர் நீதிமன்றம் வேறு, மேல் நீதிமன்றம் வேறு. பத்திரிகையில் "மேல் மாகாண மேல் நீதிமன்றம்" என்று வந்தால் முதல் மேல் திசை, இரண்டாவது மேல் தரம். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்வாள்?

மேல் என்பது பிழையான தமிழ் என்று நாங்கள் சொல்லவரவில்லை. நல்ல பழைய தமிழ்தான். மதுரையில் கோயிலைச் சுற்றி மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்று இருக்கின்றன. ஒன்று மேற்கில், மற்றது கிழக்கில். மேற்கு என்ற சொல்லே மேல் என்பதிலிருந்து வந்தது. கிழக்கு, கீழ் என்பதிலிருந்து. தமிழ்நாட்டு நிலத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்குப் பக்கம் மலைத்தொடர், கிழக்குப் பக்கம் கடல். வைகையும் காவேரியும் மேலே இருந்து கீழே, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. அங்கே நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் இது.

இதே சொல் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனபோது வேடிக்கை நடந்தது. அங்கே மலை கிழக்கில், கடல் மேற்கில். கிழக்குத்தான் மேடு. ஆனாலும் மலையாளிகள் கிழக்கைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். மேற்கை மட்டும் படிஞ்ஞாறு என்று மாற்றிக்கொண்டார்கள். ஞாயிறு படுகிற பக்கம் என்பது அதன் கருத்து. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இந்த ஒரு சொல்லையே சான்றாக எடுத்து, மலையாளம் பேசுகிறவர்களின் முன்னோர் மலைக்குக் கிழக்கே இருந்து போனவர்கள் என்று வாதாடினார். ஆட்கள் இடம் மாறினாலும் சொல் பழைய ஊரிலேயே நிற்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே விளங்கும். அதற்குப் பிறகு வருகிறோம்.

குடாநாட்டுக்கு வந்தால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கீரிமலை என்று ஒரு பெயர் இருக்கிறது, மலையைத்தான் தேட வேண்டும். மழைக்காலத்தில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஓடித் திசை காட்ட ஆறும் இல்லை. ஆகவே மேற்கு ஏன் மேல் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நிலம் சொல்லித்தராது. பண்ணைப் பாலத்தில் நின்றால் சூரியன் கடல்நீரேரிக்குள் இறங்குவதைக் காணலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மேற்கு என்பது அதுதான், தீவுப் பக்கம், சூரியன் விழுகிற பக்கம்.

மட்டக்களப்பார் இந்த விஷயத்தில் எங்களைவிடத் தெளிவானவர்கள். வாவிக்கு ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. படமும் வேண்டாம், திசைகாட்டியும் வேண்டாம். சிங்களத்திலும் இதே கதைதான். நெகெனஹிர என்றால் எழுகிற சூரியன், அது கிழக்கு. பஸ்னாஹிர என்றால் இறங்குகிற சூரியன், அது மேற்கு. நாங்கள் மேல் மாகாணம் என்று சொல்லும் அதே மாகாணத்தைச் சிங்களவர் சூரியன் இறங்கும் மாகாணம் என்கிறார்கள். ஒரு பெயர்ப்பலகையில் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் இரண்டும் பார்க்கும் இடம் வேறு.

சிங்களத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகுண என்றால் தெற்கு. தகுண என்றால் வலதுபக்கமும் அதுதான். இரண்டாம் மொழி வகுப்பில் "தகுணட்ட ஹரவன்ன" என்று வந்தபோது எங்கள் மாணவன் ஒருவன் "தெற்கே திரும்பு" என்று மொழிபெயர்த்துவிட்டான். பிழை போட்டுத்தான் ஆக வேண்டும், வலப்பக்கம் திரும்பு என்பதே சரி. ஆனால் ஏன் ஒரே சொல் என்று அவன் கேட்டான் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஆசிரியர் இல்லை. வடமொழியில் தட்சிணம் என்றால் வலம், தெற்கு இரண்டும். காலையில் சூரியனைப் பார்த்து நின்ற ஆட்களுக்கு வலக்கைப் பக்கம் தெற்கு. அவ்வளவுதான் விஷயம்.

அரபியிலும் இதையே காணலாம். வடக்குக்கு ஷமால், இடப்பக்கத்துக்கு ஷிமால், எழுத்துகள் ஒன்றே. வலப்பக்கத்துக்கு யமீன், தெற்கே இருக்கிற நாட்டுக்கு யமன். அரபிகளும் கிழக்கைப் பார்த்து நின்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மஃரிப் என்பது சூரியன் மறையும் வேளைத் தொழுகை, மேற்குத் திசை, மொரோக்கோ நாடு மூன்றுக்கும் ஒரே பெயர். மத்ரஸாவில் இதை ஓதிக் கொடுக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்குப் புவியியல் அன்றைக்கே பிடித்திருக்கும்.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஸஃப்பில் நிற்கும்போது மேற்கைப் பார்த்து நிற்கிறோம். எங்களுக்கு வலக்கைப் பக்கம் வடக்கு. அரபிச் சொல் இடது என்கிறது, எங்கள் தோள் வலது என்கிறது. இன்னும் கணக்காகச் சொன்னால் இங்கிருந்து கஃபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறக்குறைய 22 பாகை சரிவு. வீட்டில் அதை யாரும் பாகை பார்த்துச் சொல்வதில்லை, "கிப்லாப் பக்கம்" என்றால் எல்லோருக்கும் விளங்கும். கிணறு கிப்லாப் பக்கம், மாமரம் கிப்லாப் பக்கம். எங்கள் வீடுகளில் மேற்கு என்ற சொல் பள்ளிக்கூடத்தில்தான் வாழ்கிறது.

சாரணர் பாசறை ஒன்றில் இரவு பாய் விரிக்கும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். சைவப் பிள்ளைகள் வடக்கே தலை வைக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் பிள்ளைகள் கிப்லாப் பக்கம் கால் நீட்ட மாட்டோம் என்றார்கள், வீட்டு வழக்கம் அப்படி. கடைசியில் எல்லோரும் தெற்கே தலை வைத்து ஒரே வரிசையாகப் படுத்தார்கள். திசை பற்றி நாங்கள் படிப்பித்த பாடங்களில் பிள்ளைகள் மறக்காத பாடம் அதுதான் என்று நினைக்கிறோம்.

இனி வடக்கு என்ற சொல்லுக்கு வருவோம். குடாநாட்டுக்குள்ளேயே வடக்கு ஒன்றல்ல. பருத்தித்துறைப் பிரதேச செயலகப் பிரிவு வடமராட்சி வடக்கு, வடக்குக்குள் வடக்கு. கரவெட்டிப் பிரிவு வடமராட்சி தென்மேற்கு, வடக்குக்குள் தென்மேற்கு. தெல்லிப்பழைப் பக்கம் வலிகாமம் வடக்கு. பத்திரிகைகள் சுருக்கி "வலி. வடக்கு" என்று போடும்போது, காணி இழந்து முப்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு அது சுருக்கம் போலவே தெரிவதில்லை.

கொழும்பில் போய் நின்றால் இது எல்லாமே ஒரே வடக்குத்தான். இங்கிருந்து பார்த்தால் அவர்கள் எல்லோரும் தெற்கு. தென்னிலங்கை என்று நாங்கள் எழுதுகிறோம், பேசுகிறோம். அது எங்கே தொடங்குகிறது? படத்தில் அளந்து பாருங்கள். அநுராதபுரத்தைவிட மட்டக்களப்பு தெற்கே இருக்கிறது. ஆனால் அநுராதபுரம் தென்னிலங்கை, மட்டக்களப்பு கிழக்கு. பொத்துவிலும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. பொத்துவிலைத் தென்னிலங்கை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அநுராதபுரப் பகுதி 1873 வரை வட மாகாணத்துக்குள்தான் இருந்தது, அந்த வருடம் வடமத்திய மாகாணம் உருவானபோதுதான் பிரிந்தது. ஆகவே தென்னிலங்கை என்ற சொல் திசையைச் சொல்லவில்லை. யார் அங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெரியும், படத்துக்குத்தான் தெரியாது.

வடகிழக்கு என்பதும் அப்படித்தான். 1988-இல் இரண்டு மாகாணங்களை இணைத்தார்கள், 2006-இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது, 2007 முதல் மறுபடி இரண்டு. இப்போது ஒருவர் வடகிழக்கு என்று சேர்த்துச் சொல்கிறாரா, வடக்கு, கிழக்கு என்று நடுவில் மூச்சு விட்டுச் சொல்கிறாரா என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று தேநீர்க் கடையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாவம், வாடைக்காற்று வருகிற திசைக்கும் பெயர் வடகிழக்குத்தான்.

எங்களைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. 1990 ஒக்ரோபர் 30-ந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வயதுக்காரர் கைக்குழந்தைகள். நாங்கள் நடந்து பழகியது புத்தளத்தில். வட மாகாணத்திலிருந்து வடமேல் மாகாணத்துக்குப் போனோம், படத்தில் கீழே இறங்கி. உம்மம்மா சொல்லுவா, ஓலைக் கொட்டிலுக்குள் முதல் இரவு சாமானை இறக்கி வைத்ததும் அவ கேட்ட முதல் கேள்வி தண்ணீர் எங்கே என்பதல்லவாம், கிப்லா எந்தப் பக்கம் என்பதாம். அந்த ஊர்ப் பெண்ணொருத்தி கை நீட்டிக் காட்டினாளாம். அதற்குப் பிறகுதான் மற்றத் திசைகள் எல்லாம் சரியாக வந்தன என்று சொல்லுவா.

புத்தளத்தில் எங்களுக்கு வைத்த பெயர் வடக்கார். வடக்கை ஒருநாளும் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கும் அதே பெயர். பள்ளிக்கூடத்தில் வடக்கார் வரிசை, நிவாரணத்துக்கு வடக்கார் வரிசை. பிறகு யுத்தம் முடிந்து திரும்பி வந்தோம். இங்கே ஒரு அலுவலகத்தில் படிவத்தை நீட்டியபோது எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்க்காமலே "புத்தளத்து ஆக்களா?" என்றார். அங்கே வடக்கு, இங்கே புத்தளம். வடக்கு மக்கள் என்று மேடையில் பேசுகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வருகிற ஆட்களுக்குள் நாங்கள் இருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் நாங்களே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேரளத்துக்குப் போன கிழக்கு என்ற சொல் மாதிரி, எங்கள் பெயர் ஒரு ஊரிலும் நாங்கள் இன்னொரு ஊரிலும் நின்றோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் அண்ணன் குடும்பம் ஜேர்மனியில் இருக்கிறது. ஆவணி விடுமுறைக்கு வந்த அவரின் மகள் சொன்னாள், அங்கே ஓஸ்டன், அதாவது கிழக்கு என்றால், இன்றைக்கும் பழைய கிழக்கு ஜேர்மனியைத்தான் குறிக்குமாம். அந்த நாடு 1990 ஒக்ரோபர் 3-ந் திகதியோடு இல்லாமல் போய்விட்டது. எங்கள் வெளியேற்றத்துக்கு 27 நாட்களுக்கு முன்னர். அட்லஸை எடுத்துப் பார்த்தோம். மியூனிக் நகரம் ஏர்ஃபுர்ட் நகரத்தைவிடக் கிழக்கே இருக்கிறது. ஆனால் ஏர்ஃபுர்ட் கிழக்கு, மியூனிக் கிழக்கு இல்லை. எங்கள் அநுராதபுரம், மட்டக்களப்புக் கதையேதான்.

ஜேர்மன் மொழியில் இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. கிழக்குக்குக் காலை, மேற்குக்கு மாலை, தெற்குக்கு நண்பகல், வடக்குக்கு நள்ளிரவு. அந்த நாட்டில் நடுப்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்குப் பக்கம்தான் நிற்கும், ஆகவே நண்பகல் என்றால் தெற்கு என்பது அங்கே பொருத்தம். இந்தச் சொல்லை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் கவிழ்ந்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். "உச்சம் கொடுக்கும்" என்று வானொலியில் ஊர் ஊராகச் சொல்வார்களே, அதுதான். அதற்குப் பிறகு ஆவணி நடுப்பகுதி தாண்டும்வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே இருக்கும்.

இதை நாங்கள் முற்றத்தில் செய்து பார்த்தோம். ஒரு மீற்றர் தடியை நட்டு, ஆனி மாதம் பகல் 12 மணி 10 நிமிடமளவில் நிழலை அளந்தால் 25 சென்றிமீற்றர் அளவில் தெற்கே விழும். மார்கழியில் அதே தடிக்கு 65 சென்றிமீற்றர் அளவில் வடக்கே விழும். "நடுப்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று மனப்பாடம் பண்ணிய பிள்ளை ஆனி மாதம் முற்றத்தில் நின்றால், புத்தகத்தை நம்புவதா தன் நிழலை நம்புவதா என்று தடுமாறுவாள். சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதும் இப்படி அரைக்கணக்குத்தான். பங்குனி 21, புரட்டாதி 23 அளவில்தான் நேர் கிழக்கு, மற்ற நாட்களில் வடக்கோ தெற்கோ தள்ளித்தான் உதிக்கும்.

இப்போது நாங்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. திசையைச் சுவரில் படிப்பிக்க வேண்டாம். படத்தைக் கழற்றி நிலத்தில் விரியுங்கள். படத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பிவைத்து, பிள்ளைகளைச் சுற்றி நிற்கவிடுங்கள். அப்போது மேலும் இல்லை கீழும் இல்லை, பருத்தித்துறைப் பக்கம், பண்ணைப் பக்கம் என்று கால் சொல்லும். ஆசிரியர் கலாசாலையில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு பிள்ளை கதிரையில் ஏறித்தான் சொல்லித்தந்தாள். பாடநூல் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மேல் மாகாணம் என்ற அரச பெயரை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். முதல் தடவை வரும் இடத்தில் "மேற்கு மாகாணம்" என்று ஒரு சொல் கூடுதலாகப் போட உங்கள் கையால் முடியும். பழக்கமான பெயர் குழம்பும் என்று சிலர் சொல்வார்கள். குழப்பம் ஏற்கனவே இருக்கிறது, சிரிப்புக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வடக்கு என்று பேசுகிறவர்களிடம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்போம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது சோனகர் தெருவும் பொம்மைவெளியும் அதற்குள் வருகிறதா என்று ஒரு நொடி யோசியுங்கள். வரவில்லை என்றால் வேறு சொல் தேடிக்கொள்ளுங்கள், வடக்கை விட்டுவிடுங்கள். அது எங்கள் ஊரும்தான்.

தவணைப் பரீட்சையில் "மேல் மாகாணம் இலங்கையில் எங்கே அமைந்துள்ளது?" என்று ஒரு புள்ளிக் கேள்வி போட்டோம். அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்: "மேற்கில். சுவரில் கீழே இடப்பக்கம், நிலத்தில் பண்ணைப் பக்கமாகத் தெற்கே கனதூரம்." மேற்கு என்ற ஒரு சொல் போதும், மிச்சம் தேவையில்லை என்று பக்கத்தில் இருந்து திருத்திய ஆசிரியர் சொன்னார். நாங்கள் அந்த ஒரு புள்ளியைப் போட்டு, வரியின் கீழே சிவப்பு மையால் இரண்டு தரம் கோடிட்டோம். பிழைக்கான கோடு என்று அவள் பயந்துவிட்டாளாம்.